முன்பக்கம் உடைந்தது, கோளாறு பின்பக்கம்

ரேம்பில் (சாய்பலகையில்) ஏற்றித் தாவவைக்கும் என் ரிமோட் கண்ட்ரோல் டிரக்கின் முன் ஷாக் டவரை, அதாவது ஷாக் அப்சார்பர்களின் மேல்முனையைப் பிடித்திருக்கும் தகட்டை, மூன்றாவது தடவையாகக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் சந்தேகம் தட்டியது. ஒருமுறை உடைந்தால் விழுந்த விதம் சரியில்லை என்று விட்டுவிடலாம், இரண்டாம் முறை உடைந்தால் பாகம் மட்டம் என்று திட்டலாம், மூன்றாம் முறையும் அதே இடம்தான் அடி வாங்குகிறது என்றால் நான் பார்க்க வேண்டிய இடம் அது இல்லை. இது புரிய எனக்கு மூன்று டவர் செலவானது.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐந்தில் ஒரு பங்கு அளவு மான்ஸ்டர் டிரக், நான்கு சக்கரமும் இழுக்கும், மின் மோட்டார், நான்கு செல் கொண்ட (4எஸ்) லித்தியம் பாலிமர், அதாவது லிப்போ, பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து எட்டு செல் (8எஸ்), முழு சார்ஜில் 33.6 வோல்ட். பேட்டரியோடு தராசில் வைத்தால் 11 கிலோ. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, முன்பு வைத்திருந்தவர் என்னவெல்லாம் செய்தார் என்று கேட்டுக்கொள்ளவில்லை, அது என் தப்பு.

இதற்கு முன் பல வருடம் பத்தில் ஒரு பங்கு அளவு வண்டிகள்தான் ஓட்டினேன். அவை தலைகீழாக விழும், உருளும், தட்டிவிட்டு மறுபடி ஓட்டலாம். பெரிய வண்டியும் அப்படித்தான் என்று நினைத்தேன். ஆனால் நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகிறது, அந்த எடையைத் தாங்கி, சக்கரத்தை உடலோடு இணைக்கும் ஆர்மின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான் ஆகிறது. எறும்பு மேசையிலிருந்து விழுந்தால் நடந்து போய்விடும், யானை விழுந்தால் கதை வேறு. பார்க்கத் தடிமனாக இருக்கும் பாகமெல்லாம் அதன் எடைக்கு முன்னால் மெலிவுதான்.

ரேம்ப் நானே செய்தது. 120 செ.மீ. நீள பிளைவுட் பலகை, அடியில் சட்டம், விளிம்பு தரையிலிருந்து 40 செ.மீ. உயரம், கோணம் ஏறக்குறைய 20 டிகிரி. ஜிபிஎஸ் மீட்டரை வண்டியில் ஒட்டி அளந்தபோது விளிம்பில் மணிக்கு 50 கிலோமீட்டர் காட்டியது. அந்த வேகத்தில் அந்தக் கோணத்தில் கிளம்பினால் விளிம்புக்கு மேலே இன்னும் 1.15 மீட்டர் ஏறும், ஒரு நொடிக்குச் சற்று அதிகமாகக் காற்றில் இருக்கும், 13 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்த் தரையில் விழும். கேட்கப் பெரிதாகத் தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்தால் அடிவயிற்றில் என்னவோ செய்யும்.

முதல் டவர் பிளாஸ்டிக், வண்டியோடு வந்தது. மூக்கு குத்தி விழுந்ததில் மேல் துளையோடு பிய்ந்து வந்துவிட்டது. இரண்டாவதும் அதே பிளாஸ்டிக், அதே கதி. மூன்றாவதாக எல்லோரையும் போல நானும் அலுமினியத்துக்குப் போனேன், 6 மி.மீ. தடிமன், கையில் எடுத்தாலே நம்பிக்கை வரும். அது முறியவில்லை, வளைந்தது. வளைந்ததோடு நிற்காமல் தான் வாங்கிய அடியை அப்படியே கீழே தள்ளிவிட, முன் டிஃப் (விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) உட்கார்ந்திருக்கும் கூடு விரிசல் விட்டது. டவரை மாற்றக் கால்மணி நேரம் போதும், நான்கு ஸ்க்ரூதான். டிஃப் கூட்டை மாற்ற வண்டியின் முன்பாதியையே அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்க வேண்டும், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை காலி. எந்தப் பாகம் உடைந்தால் நமக்குக் குறைந்த வேலையோ அதைத்தான் பலவீனமாக விட்டுவைக்க வேண்டும் என்பது அன்றைக்கு முழங்காலில் கிரீஸோடு உட்கார்ந்திருந்தபோது மண்டையில் ஏறியது. ஃபியூஸ் போன இடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றிவிட்டு வயரிங் எரிந்துவிட்டதே என்று அழுவது மாதிரிதான் நான் செய்தது. மறுபடி பிளாஸ்டிக் டவரே போட்டேன்.

ஆனால் ஏன் ஒவ்வொரு முறையும் மூக்கு குத்துகிறது? என் விரலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். காற்றில் இருக்கும்போது திராட்டில் அழுத்தினால் சக்கரங்கள் வேகம் பிடிக்கும், அதன் எதிர்வினையாக வண்டியின் உடல் எதிர்ப்பக்கம் திரும்பி மூக்கு தூக்கும். பிரேக் அடித்தால் மூக்கு இறங்கும். இவ்வளவு பெரிய, கனமான சக்கரம் இருக்கும் வண்டியில் இது நன்றாகவே வேலை செய்யும், நான் அழுத்தவும் செய்தேன். ஆனாலும் தலைகுப்புறவே போனது.

விடை சொன்னது அக்கா பையன். அவனுடைய போனில் நொடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கும் வசதி உண்டு. ரேம்ப் பக்கமாக, நன்றாக விலகி நின்று எடுத்தான். அன்று மாலை நான் விழும் இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் போனைப் பிடுங்கி வீடியோவை முதலுக்குத் தள்ளினான்.

"மாமா, கீழ விழுறத ஏன் பாக்குறீங்க? இங்க பாருங்க, ரேம்ப விட்டு வரும்போதே பின்னாடி எகிறுது."

உண்மைதான். முன்சக்கரம் விளிம்பைத் தாண்டியதிலிருந்து பின்சக்கரம் தாண்டுவதற்கு எட்டே ஃப்ரேம். அந்த எட்டாவது ஃப்ரேமில் பின்சக்கரம் பலகையை உதைத்துத் தள்ளுவது தெரிகிறது, அடுத்த சில ஃப்ரேமில் வால் மேலே, மூக்கு கீழே. வண்டி காற்றில் ஏறிய கணத்திலேயே சுழல ஆரம்பித்துவிட்டது, நான் திராட்டில் அழுத்தியது அதற்கப்புறம்.

என்ன நடந்திருக்கிறது என்றால், தரையிலிருந்து ரேம்புக்கு ஏறும் முனையில் சஸ்பென்ஷன் அழுந்துகிறது, 50 கிலோமீட்டர் வேகத்தில் திடீரென்று 20 டிகிரி திரும்பச் சொன்னால் அழுந்தத்தானே செய்யும். அழுந்திய ஸ்பிரிங் விளிம்பில் விரிகிறது. ஷாக்கில் எண்ணெய் சரியாக இருந்தால் நிதானமாக விரியும். இல்லையென்றால் பாய்கிறது, சுவரில் உதைத்து நீந்துவது போலப் பின்சக்கரம் ரேம்பை உதைத்து வாலைத் தூக்கிவிடுகிறது.

அன்றிரவே பின் ஷாக் இரண்டையும் கழற்றினேன். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஷாஃப்டை, அதாவது நடுத்தண்டை, விரலால் உள்ளே தள்ளினால் இடதில் கொஞ்சம் எதிர்ப்பு இருந்தது, அதுவும் பாதி தூரத்துக்குத்தான். வலதில் ஒன்றுமே இல்லை, சைக்கிள் பம்ப் மாதிரி உள்ளே போய் வந்தது, "சளக் சளக்" என்று சத்தம் வேறு. மூடியைத் திறந்தால் எண்ணெய் பாதிதான், அதுவும் தெளிவாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் நுரைத்துக் கிடந்தது. ஷாஃப்டை விளக்கு வெளிச்சத்தில் சுழற்றிப் பார்த்தேன், கீழ்ப்பக்கத்தில் முடி அளவுக்கு ஒரு நீளக் கீறல், நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. மண் உள்ளே போய்க் கீறியிருக்கிறது, கீறல் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை அறுத்திருக்கிறது, ஓ-ரிங் எண்ணெயை விட்டிருக்கிறது. வெளியே கசிந்த எண்ணெயில் புழுதி ஒட்டி அப்பிக்கொண்டதால் எனக்கு அது வெறும் அழுக்காகவே தெரிந்திருக்கிறது. துடைத்துவிட்டு துடைத்துவிட்டு ஓட்டியிருக்கிறேன் பாருங்கள், அது எண்ணெய் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

ஷாஃப்ட் இரண்டும் புதிது, ஓ-ரிங் நான்கு ஷாக்குக்கும் புதிது. போடும்போது ஓ-ரிங்கிலும் ஷாஃப்டின் மரையிலும் எண்ணெய் தடவாமல் தள்ளினால் மரையே புது ஓ-ரிங்கை அறுத்துவிடும், அதனால் மரைப் பகுதியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி அதன் மேலாக நுழைத்தேன். சிலிக்கான் எண்ணெய் ஊற்றிப் பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் துளைகள் வழியாகக் குமிழ்கள் ஒவ்வொன்றாக மேலே வரும், இதில் அவசரப்பட்டால் அவ்வளவுதான். நான் அசைத்துவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே நிறுத்திவைத்து, மறுபடி அசைத்து, மறுபடி நிறுத்தி, குமிழ் வருவது நின்ற பிறகுதான் மூடினேன். கடைசியில் இடதையும் வலதையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து ஒரே நேரத்தில் அழுத்திவிட்டு, இரண்டும் ஒரே வேகத்தில் திரும்பி வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் எதிலோ காற்று இருக்கிறது, திரும்பவும் முதலிலிருந்து.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு எதையும் கொஞ்சம் கூடுதலாகச் செய்தால்தான் திருப்தி. முன்பு இருந்தது 1000 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அளவு) எண்ணெய் என்றால் 2000 போட்டால் இரண்டு மடங்கு நல்லதுதானே என்று பின்னால் 2000 ஊற்றினேன். கையால் அழுத்திப் பார்த்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி அருமையாக இருந்தது. களத்தில் முதல் தாவலிலேயே பின் டவரின் கீழ் ஸ்க்ரூ இரண்டும் மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன.

கையால் அழுத்தும்போது பிஸ்டன் மெதுவாக நகர்கிறது, எண்ணெய் துளை வழியாக வழிவிடுகிறது. தரையில் விழும் கணத்தில் பிஸ்டன் நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் போக வேண்டும், அவ்வளவு கெட்டியான எண்ணெய் அவ்வளவு சின்னத் துளை வழியாக அந்த நேரத்துக்குள் போக முடியாது. அப்போது ஷாக் என்று ஒன்று இல்லை, இரும்புக் கம்பிதான் இருக்கிறது. மெதுவான அசைவுக்கு எண்ணெயின் கெட்டித்தன்மையும், வேகமான அடிக்குத் துளையின் அளவும்தான் கணக்கு. கடைசியில் எண்ணெயை 1000-க்கே கொண்டுவந்து, ஸ்பிரிங்கை மட்டும் ஒரு படி கடினமானதாக மாற்றி, நின்ற நிலையில் கீழ் ஆர்ம்கள் தரைக்கு இணையாக இருக்கும்படி உயரத்தை வைத்தேன். இடுப்பு உயரத்திலிருந்து நான்கு சக்கரமும் ஒன்றாக விழும்படி கைவிட்டால் அடிப்பலகை தரையைத் தொட்டும் தொடாமல் நிற்க வேண்டும், மறுபடி எம்பக் கூடாது. கருவி எதுவும் இல்லாத இந்தச் சோதனை எனக்கு எந்த அட்டவணையையும்விட உதவுகிறது.

அடுத்து ரேம்ப். பலகையின் கீழ்முனை தரையைத் தொடும் இடத்தில் வளைந்துகொடுக்கும் மெல்லிய பிளைவுட் தாளை அரை மீட்டர் நீட்டி ஒட்டினேன், அந்தத் திடீர்த் திருப்பம் ஒரு மெல்லிய வளைவாக மாறிவிட்டது. சஸ்பென்ஷன் அழுந்துவது குறைந்தது, உதைப்பதும் குறைந்தது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், வேலை என்று பார்த்தால் ஒரு மணி நேரம்.

ஆனால் உண்மையான மாற்றம் இறங்கும் இடத்தில் வந்தது. ரேம்பைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் கால்வாசிகூட நாம் இறங்கும் இடத்தைப் பற்றி யோசிப்பதில்லை. என் வண்டி உச்சியிலிருந்து தட்டைத் தரைக்கு 1.55 மீட்டர் விழுகிறது. தரையைத் தொடும்போது கீழ்நோக்கிய வேகம் நொடிக்கு 5.5 மீட்டர். அதை 10 செ.மீ. சஸ்பென்ஷன் அசைவுக்குள் நிறுத்த வேண்டும் என்றால் சராசரியாக 180 கிலோ எடையைத் தூக்கி வண்டி மேல் வைத்த மாதிரி. நான்கு சக்கரமும் ஒன்றாக விழுந்தால் சக்கரத்துக்கு 45 கிலோ. மூக்கு குத்தினால் முன்சக்கரம் இரண்டுக்கும் 90, 90. இதெல்லாம் சஸ்பென்ஷன் முழு தூரமும் சீராக வேலை செய்தால். பாதியிலேயே அடி தட்டிவிட்டால் மிச்சத்தை ஒரு செ.மீ.க்குள் நிறுத்த வேண்டும், அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இதையே சரிவில் இறக்கினால் வண்டியும் கீழே போகிறது, தரையும் கீழே போகிறது. முதலில் ஆசைப்பட்டு 40 செ.மீ. உயரத்தில் 20 டிகிரி சரிவாக ஒரு மண்மேடு போட்டேன், வண்டி இறங்கும் கோணமும் அதுதான் என்பதால் வழுக்கிக்கொண்டு இறங்கும், சரியாக விழுந்தால் சத்தமே வராது. சரியாக விழுந்தால்! அந்தச் சரிவின் நீளம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். விளிம்பில் வேகம் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ வண்டி ஒரு மீட்டர் முன்னே பின்னே விழும். பேட்டரி கொஞ்சம் இறங்கினாலே அந்த இரண்டு கிலோமீட்டர் போய்விடும். மூன்றாம் தாவலில் மேட்டின் முன்விளிம்பில் வயிற்றைக் கொடுத்து விழுந்தது, நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டோம்.

அப்புறம் மேட்டை 60 செ.மீ.க்கு உயர்த்தி, சரிவை 12 டிகிரிக்குத் தணித்தேன். இப்போது சரிவின் நீளம் மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு, முன்பக்கத்தையும் செங்குத்தாக விடாமல் ரேம்ப் வரும் திசையில் நீளமாக மண்ணை இழுத்துவிட்டேன், குறைவாக வந்தாலும் மோதாமல் ஏறிவிடும். கோணம் கச்சிதமாகப் பொருந்தாது, இருந்தாலும் சரிவின் நடுவில் விழுந்தால் தரைக்குச் செங்குத்தான வேகம் நொடிக்கு இரண்டு மீட்டர் சொச்சம்தான், ஏறக்குறைய 25 செ.மீ. உயரத்திலிருந்து கைவிட்ட அடி. ஒன்றரை மீட்டர் விழுகைக்குப் பதில் கால் மீட்டர் விழுகை. மண்வெட்டிதான் இந்த வண்டிக்கு நான் வாங்கியதிலேயே உருப்படியான கருவி.

விரல் விஷயத்துக்கு வருகிறேன், அதில் எனக்குக் குற்றமே இல்லை என்று சொல்ல முடியாது. வீடியோவை ரிமோட்டின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், வால் எகிறியதும் பயத்தில் நான் திராட்டிலை முழுதாக விட்டுவிட்டு, அப்புறம்தான் மறுபடி அழுத்தியிருக்கிறேன். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் என் ஈ.எஸ்.சி.யில் டிராக் பிரேக் போட்டு வைத்திருந்தேன், திராட்டிலை விட்டாலே லேசாகப் பிரேக் பிடிக்கும். காற்றில் அது மூக்கை இன்னும் இறக்குகிறது. டிராக் பிரேக்கைப் பூஜ்யமாக்கினேன்.

இன்னொன்றும் கவனித்தேன். மூக்கைத் தூக்குவது சக்கரத்தின் வேகம் இல்லை, வேகம் கூடுவது. ஏற்கெனவே உச்ச வேகத்தில் சுற்றும் சக்கரத்துக்கு மேலும் அழுத்தினால் மோட்டார் கத்தும், டயர் பலூன் மாதிரி விரியும், மூக்கு அசையாது. அதனால் ரேம்ப் ஏறும்போது முழுத் திராட்டிலில் ஏறாமல், மூன்றில் இரண்டு பங்கில் ஏறுகிறேன், மிச்சம் காற்றில் தேவைப்படும். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் பெட்ரோல் வண்டிகளில், எச்பிஐ பாஹா 5பி போன்றவற்றில், பின் இரண்டு சக்கரத்தின் சுழற்சிதான் கையில் இருக்கும், மையவிலக்குக் கிளட்ச் வழியாக வரும் விசையும் இவ்வளவு சட்டென்று வராது. அவற்றைத் தாவவைப்பவர்கள் ரேம்பைச் சரியாக வைப்பதில் அவ்வளவு கறாராக இருப்பதன் காரணம் இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

பக்கவாட்டில் சாய்ந்தால்? ஸ்டீயரிங். சுழலும் பெரிய சக்கரம் பம்பரம் மாதிரி, அதைக் காற்றில் இடப்பக்கம் திருப்பினால் வண்டி வலப்பக்கம் சாயும், வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம். மறுபடி நேராக்கினால் சாய்வது நின்றுவிடும், அதுவரை சாய்ந்தது அப்படியே இருக்கும். அரை நொடிக்குள் செய்ய வேண்டிய வேலை, பத்துக்கு நான்கு தடவைதான் எனக்கு வாய்க்கிறது. எதைச் செய்தாலும் தரையைத் தொடும்முன் சக்கரத்தை நேராக்கிவிட வேண்டும், இல்லையென்றால் அடி மொத்தமும் ஸ்டீயரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டாரான சர்வோவின் பல்லுக்குப் போகும்.

தொடும்போது திராட்டில் எவ்வளவு என்பதும் முக்கியம். சக்கரம் முழு வேகத்தில் சுற்றும்போது தரை பிடித்து நிறுத்தினால் அந்த அதிர்ச்சி டிஃப் வரை போகும். அப்படித்தான் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் ஒன்றின் பல்லைத் தேய்த்தேன். இப்போது தொடுவதற்குச் சற்று முன் விரலைத் தளர்த்தி, வண்டி ஓடும் வேகமும் சக்கரம் சுற்றும் வேகமும் ஏறக்குறைய ஒன்றாக வரும்படி பார்த்துக்கொள்கிறேன். காதால்தான், மோட்டார் சத்தம் கொஞ்சம் இறங்கியதும் தொட வேண்டும்.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. நைலான் ஆர்ம்களை அரைமணி நேரம் கொதிநீரில் போட்டு எடுத்தேன், நைலான் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உடைவதற்குப் பதில் வளையும், விறைப்பு கொஞ்சம் குறையும், பரவாயில்லை. உலோகத்தில் இறங்கும் ஸ்க்ரூவுக்கெல்லாம் நீல நிற மரைப்பசை, பிளாஸ்டிக்கில் இறங்குவதற்கு வேண்டாம். பேட்டரிப் பெட்டியின் இரு முனையிலும் கெட்டியான ஃபோம், ஏனென்றால் அந்த மூக்குக் குத்தல்களில் ஒரு பேட்டரியின் மூலை நசுங்கியிருந்தது. வீங்கவில்லை, வோல்டேஜும் சரியாகத்தான் காட்டியது, ஆனாலும் நசுங்கிய லிப்போவை நான் சார்ஜ் போட மாட்டேன். வீட்டுக்கு வெளியே வைத்து முழுவதும் டிஸ்சார்ஜ் செய்து அப்புறப்படுத்தினேன். சிக்னல் போனால் தானாகப் பிரேக் பிடிக்கும்படி ஃபெயில்சேஃப் அமைத்து, சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி ரிமோட்டை அணைத்துச் சோதித்தேன். 11 கிலோ, 50 கிலோமீட்டர் வேகம், யாருடைய முழங்காலும் அதைத் தாங்காது. அக்கா பையன் நிற்கும் இடத்துக்குச் சுண்ணாம்பில் கோடு போட்டிருக்கிறேன், அதைத் தாண்டினால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது.

போன ஞாயிறு 22 தாவல். டவர் அப்படியே இருக்கிறது. கடைசித் தாவலில் கேபினைப் பிடிக்கும் கம்பம் ஒன்று முறிந்தது, இரண்டே ஸ்க்ரூ. வீட்டுக்கு வந்து துடைக்கும்போது வலது பின் ஷாக்கின் அடியில் மட்டும் மறுபடி லேசான ஈரப்புழுதி. இந்தத் தடவை துடைக்கவில்லை, கழற்றி மேசைமேல் வைத்திருக்கிறேன்.